ஒரே சொல், இரண்டு பில்: திருகோணமலையில் கப்பல் ஆங்கிலம் படித்த விதம்

திருகோணமலையில் சரக்கு வேலைக்கு ஆங்கிலம் படிக்கிறவருக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. கையில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் கொள்கலனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் துறைமுகத்தில் இறங்குவதோ பெரும்பாலும் மொத்தச் சரக்கு, அதாவது பெட்டியில் அடைக்காமல் கப்பலறையில் அப்படியே கொட்டி வருவது: பிரீமா ஆலைக்குக் கோதுமை, டோக்கியோ சீமெந்துக்குக் கிளிங்கர். கொள்கலன் சரக்கு கொழும்பில் இறங்கி, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் லொறியில் வந்து சேரும். ஆகவே இரண்டு சொற்தொகுதிகளும் வேண்டும். ஒரே சொல் இரண்டிலும் வேறு பொருளில் வரும் இடத்தில்தான் காசு போகும்.

அகர வரிசையில் சொல் மனனம் செய்வதை முதல் வாரமே விட்டுவிடலாம், ஒன்றும் ஒட்டாது. வேலை முடிந்து மூடிய பழைய கோப்பு ஒன்றை எடுத்து, தாள்கள் வந்த ஒழுங்கிலேயே படித்தோம்: இன்வொய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஒவ் லேடிங், அரைவல் நோட்டிஸ், டெலிவரி ஓர்டர், சுங்கத்துக்கான கஸ்டெக். நாளுக்கு 5 சொல், வாரத்தில் 5 நாள், ஆறு வாரத்தில் 150 சொல். ஆரம்ப நிலைக்கு அது போதும். கொப்பியில் நான்கு நிரல் போட வேண்டும்: ஆங்கில எழுத்து, தமிழில் உச்சரிப்பு, பொருள், எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பது. நான்காவது நிரலைத்தான் எல்லோரும் விடுவார்கள். அதுதான் ஞாபகத்தில் நிறுத்துவது. முதல் நிரலும் கட்டாயம். கப்பலைத் துறையில் கட்டி நிறுத்தும் இடமான பேர்த்தும், பிறப்புச் சான்றிதழில் வரும் பேர்த்தும் தமிழில் எழுதினால் ஒன்றேதான். ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து வேறு.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய தாள், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கொம்பனி கொடுக்கும் பில் ஒவ் லேடிங், பேச்சில் பி.எல். முதல் கட்டத்தில் வரும் ஷிப்பர் என்பவர் கப்பல்காரர் அல்ல, சரக்கை அனுப்புகிறவர். கப்பலில் ஏற்றிச் செல்கிறவர் கெரியர். புதிதாகப் படிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை மாற்றித்தான் சொல்வார்கள். அடுத்தது கன்சைனி, சரக்கைப் பெற உரிமை உள்ளவர். அதற்குக் கீழே நோட்டிஃபை பார்ட்டி. கப்பல் வருவதை இவருக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் பெயர் இருப்பதால் மட்டும் சரக்கு அவருடையதாகாது. வங்கிக் கடனுறுதிக் கடிதத்தில் இறக்கும் சரக்கென்றால் கன்சைனி கட்டத்தில் பெரும்பாலும் டு ஓர்டர் என்று வங்கியின் பெயர் நிற்கும். வங்கி புறக்கையொப்பம் இட்ட பிறகுதான் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஓர்டருக்குப் போகலாம்.

அதே தாளில் செட் டு கொன்டெய்ன் என்று இருக்கும். உள்ளே இன்ன சாமான் இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார், நாங்கள் திறந்து எண்ணவில்லை என்று கப்பல் கொம்பனி ஒதுங்கிக்கொள்ளும் சொல் அது. கிளீன் பி.எல். என்றால் துப்புரவான தாள் அல்ல. சாக்கு கிழிந்தது, இரும்பு துருப்பிடித்தது போன்ற குறிப்பு ஏதும் எழுதப்படாத பி.எல்.

பழகிய முகத்தோடு வந்து ஏமாற்றும் சொற்கள்தான் பெரிய தொல்லை. ஃப்ரைட் என்றால் கடல் வழியில் கூலி, சரக்கு அல்ல. சரக்குக்குக் கார்கோ. ஃப்ரைட் பிரீபெய்ட் என்றால் கூலி ஏற்றுமிடத்தில் கட்டியாகிவிட்டது. கலெக்ட் என்றால் இங்கே கட்ட வேண்டும். ஃப்ரீ இன் அண்ட் அவுட்டில் இலவசம் ஒன்றுமில்லை. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் கப்பல்காரருக்கு இல்லை, சரக்குப் பக்கத்தின் தலையில் என்று பொருள். சி.ஐ.எஃப். திருகோணமலை என்று விலை வந்தால், இங்கே வந்து சேரும் வரை பொறுப்பு விற்றவருடையது என்று பலர் நினைக்கிறார்கள். கூலியும் காப்புறுதியும் அவர் கட்டுவது உண்மை. ஆனால் ஏற்றுமிடத்தில் சரக்கு கப்பலில் ஏறியதோடு ஆபத்து வாங்கியவர் பக்கம் வந்துவிடும். வாங்குபவர், விற்பவர் பொறுப்பைப் பிரிக்கும் சர்வதேச விதித்தொகுப்பான இன்கோடேர்ம்ஸ் 2020 இல் 11 விதிகள் உண்டு. தொடக்கத்தில் எஃப்.ஓ.பி. (கூலி வாங்கியவர் தலையில்), சி.எஃப்.ஆர். (விற்றவர் கூலி மட்டும் கட்டுவது), சி.ஐ.எஃப். மூன்றும் போதும்.

இனி டெமரேஜ். கொள்கலனில், இலவச நாட்கள் முடிந்த பிறகும் நிறைந்த பெட்டி துறைமுகத்துக்குள் கிடந்தால் விழுவது டெமரேஜ். வெளியே எடுத்த பெட்டியை வெறுமையாக்கி நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் டிடென்ஷன். சில கொம்பனிகள் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். அரைவல் நோட்டிஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊருக்குக் கூடுதலாகக் கடிப்பது டிடென்ஷன்தான். வெற்றுப் பெட்டி மறுபடி கொழும்பு போக வேண்டுமே.

மொத்தச் சரக்கில் டெமரேஜ் பெட்டிக்கு அல்ல, முழுக் கப்பலுக்கு. கப்பல் வந்து, இறக்கத் தயார் என்று கெப்டன் கொடுக்கும் கடிதம் நோட்டிஸ் ஒவ் ரெடினஸ். அதிலிருந்து ஒப்பந்தத்தில் சொன்ன மணித்தியாலம் கழித்து லேடைம், அதாவது சரக்கை இறக்கக் கொடுத்த நேரம், ஓடத் தொடங்கும். பயிற்சிக்கு நாங்கள் போட்ட கணக்கு: 30,000 தொன் கோதுமை, நாளுக்கு 5,000 தொன் இறக்க வேண்டும் என்றால் லேடைம் 6 நாள். டெமரேஜ் நாளுக்கு 12,000 டொலர் என்று வைத்தால், ஏழரை நாள் எடுத்தால் 18,000 டொலர் கட்ட வேண்டும். 5 நாளில் முடித்தால் மிச்சப்படுத்திய ஒரு நாளுக்குக் கப்பல் பக்கம் திருப்பித் தருவது டெஸ்பெச். வழக்கமாக டெமரேஜில் பாதி, இங்கே 6,000. கடிதம் அனுப்புவதற்கும் டிஸ்பெச் என்றுதான் ஒபிசில் சொல்வோம். குழம்ப வேண்டாம்.

வாடை மழை தொடங்கினால் இன்னொரு சொல் வேண்டும்: வெதர் வேர்க்கிங் டே. ஒப்பந்தத்தில் இப்படி இருந்தால் மழைக்கு ஹெச், அதாவது சரக்கறையின் வாய், மூடிய நேரம் லேடைமில் சேராது. ஆனால் வேலை நடந்த நேரங்களைப் பதியும் ஸ்டேட்மென்ட் ஒவ் ஃபெக்ட்ஸ் தாளில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். ரெய்ன் என்று மட்டும் எழுதினால் பிறகு சண்டை வரும். 14:20 ரெய்ன், ஓல் ஹெச்சஸ் குளோஸ்ட். 16:05 ரெய்ன் ஸ்டொப்ட், டிஸ்சார்ஜிங் ரெசியூம்ட் என்று தொடக்கமும் முடிவும் நிமிடக் கணக்கோடு வர வேண்டும். லேடைம் முடிந்து டெமரேஜ் ஓடத் தொடங்கிய பிறகு, ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், எந்த மழையும் அதை நிறுத்தாது.

டிராப்ட் என்ற சொல்லுக்கும் இரட்டை வேடம். மின்னஞ்சலில் டிராப்ட் பி.எல். என்றால் சரிபார்க்க அனுப்பிய வரைவு. பெயர், நிறை, எழுத்துப்பிழை எல்லாம் அப்போதே பார்த்துவிட வேண்டும். கப்பல் தளத்தில் டிராப்ட் என்றால் கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம். அந்த ஆழத்தை வைத்துச் சரக்கின் நிறையைக் கணக்கிடும் டிராப்ட் சேர்வேயில் ஆறு இடத்தில் வாசிப்பார்கள்: முன், நடு, பின், இரு பக்கமும். கடற்கரையில் வளர்ந்தவருக்கு இது சுலபம். ஃபோவர்ட் என்பது அணியம், ஆஃப்ட் என்பது அமரம், நடுவுக்கு மிட்ஷிப். அணியத்தை நோக்கி நின்றால் இடக்கை போர்ட், வலக்கை ஸ்டார்போர்ட்.

தொலைபேசியில் சறுக்குவது எழுத்திலும் எண்ணிலும்தான். கொள்கலன் இலக்கத்தில் 4 எழுத்தும் 7 இலக்கமும். நாலாவது எழுத்து வழக்கமாக யூ. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. B-யும் P-யும் தொலைபேசியில் ஒன்றாகவே விழும், எங்கள் வாயிலும் அப்படித்தான். அதற்காகத்தான் அல்ஃபா, பிராவோ, சார்லி, பாப்பா என்று சர்வதேச எழுத்துச் சொற்கள். 26 தானே, இரண்டு நாளில் பாடமாகும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்பினால் ஒன் ஃபைவ், ஃபைவ் சீரோ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லலாம். 03/04 என்று திகதி எழுதக் கூடாது. மார்ச்சா ஏப்ரலா என்பது படிப்பவரின் நாட்டைப் பொறுத்தது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

மின்னஞ்சலில் பிளீஸ் அட்வைஸ் ஈ.டி.ஏ. என்று வந்தால் யாரும் புத்திமதி கேட்கவில்லை. கப்பல் எப்போது வரும் என்று அறிவிக்கச் சொல்கிறார்கள். பதிலில் ஈ.டி.ஏ. மட்டும் கொடுத்தால் லொறிக்காரர் வெளி நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்காக வாயிலில் காத்துக் கிடப்பார். கப்பல் துறையில் கட்டும் நேரம் ஈ.டி.பி. லொறிக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான்.