பைக் திருடு போனால்: எஃப்.ஐ.ஆரிலிருந்து இன்சூரன்ஸ் பணம் வரை

வண்டி கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் பணம் மட்டும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. என் மச்சானின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக், திருப்பூர் பதிவு. கர்நாடகா போய்த் திரும்பும் வழியில் சேலம்–கோவை ரோட்டை ஒட்டிய ஒரு லாட்ஜ் வாசலில் ராத்திரி நிறுத்தியது, விடிந்தபோது இல்லை. ஹேண்டில் லாக், டிஸ்க் லாக் இரண்டும் போட்டிருந்தது. சிமெண்ட் தரையில் முன் சக்கரத்தை இழுத்த கருப்புத் தடம் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது, அவ்வளவுதான். பக்கத்துப் பேக்கரி கேமராவில் பார்த்தால் நாலு பேர் தூக்கி மினி லாரியில் ஏற்றுகிறார்கள். சுமார் 200 கிலோ வண்டி, ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

லாங் ரைடு போகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். டிஸ்க் லாக் என்பது வண்டியை உருட்ட விடாது, தூக்குவதைத் தடுக்காது. ஹேண்டில் லாக்கைக் காலால் உதைத்தே உடைத்துவிடுகிறார்கள். தூக்கிப் போவதைத் தடுக்கும் ஒரே பொருள், அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டிய சங்கிலி. கடினப்படுத்திய ஸ்டீலில் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத கண்ணிச் சங்கிலி வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் லாக் சின்ன கட்டருக்கே தாங்காது. சங்கிலியைப் பின் சக்கரத்துக்குள்ளும் சேஸிஸுக்குள்ளும் விட்டு லாட்ஜின் தூணோடு பூட்டுங்கள். முன் சக்கரத்தை மட்டும் கட்டினால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். சங்கிலி தொய்ந்து தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் அதன்மேல் சுத்தியல் அடி முழுசாக இறங்கும், கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி முழு பாரத்தையும் போட்டு அழுத்தவும் முடியும். தூண் இல்லையா, கூட வந்தவர் வண்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். இந்தச் சங்கிலி கனம்தான். அதற்காக முதுகுப் பையில் போடாதீர்கள், விழுந்தால் முதுகெலும்பு போகும். சைடு பாக்ஸின் அடியில் வையுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. திம்பம் மலைப்பாதை ராத்திரியில் அடைப்பு என்பதால், மைசூர் போகிறவர்கள் சத்தியமங்கலத்திலோ பண்ணாரியிலோ தங்கிவிடுகிறார்கள். வால்பாறை போகிறவர்கள் பொள்ளாச்சியில், ஊட்டி போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில். ஒரே இடத்தில் வெளியூர் வண்டிகள் வரிசையாக நிற்கும், விடியும்வரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். ரூம் கேட்கும்போதே "வண்டி உள்ள நிறுத்த எடம் இருக்குங்களா, கேட் பூட்டுவீங்களா" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த லாட்ஜ். லாட்ஜ் ரிஜிஸ்டரில் வண்டி நம்பர் எழுதும் கட்டம் இருக்கும். அதை நிரப்பச் சொல்லி ஒரு போட்டோ, வண்டி நிற்கும் இடத்தில் ஓடோமீட்டர் தெரிய ஒரு போட்டோ. கிளெய்ம் விசாரணைக்கு வந்தவர் எங்களிடம் முதலில் கேட்டதே "வண்டி அங்கதான் நின்னுச்சுன்னு என்ன ஆதாரம்" என்பதுதான். இந்த இரண்டு படங்கள் அந்தக் கேள்வியை அங்கேயே முடித்தன.

திருட்டு தெரிந்தவுடன் 112-க்குப் போன், அடுத்து கேமரா. பெரும்பாலான கடைகளில் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். போலீஸ் வந்து எடுக்கட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. பேக்கரிக்காரர் நல்ல மனுசர். "ஸ்டேசன்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க தம்பி, காப்பி பண்ணிக் குடுத்தர்றனுங்க" என்றார். அதுவரை திரையில் ஓடுவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். டி.வி.ஆர். (கேமராப் பதிவு சேரும் பெட்டி) கடிகாரம் உண்மை நேரத்தோடு ஒத்துப்போவது அபூர்வம். திரையில் தெரியும் நேரமும் உங்கள் போனின் நேரமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் வேறொரு கேமராப் பதிவோடு பொருத்திப் பார்ப்பது கஷ்டம். பைக்குக்கு டோல் இல்லை, ஃபாஸ்டாக் பதிவும் இருக்காது. ஆனால் மினி லாரியில் ஏற்றியிருந்தால், விஜயமங்கலம் போன்ற டோல்களின் லேன் கேமராவைக் கேட்கும்படி புகாரிலேயே எழுதுங்கள்.

இனி ஸ்டேஷன். எங்களுக்கு ஒரு நாள் வீணானது இங்கேதான். லாட்ஜ் சர்வீஸ் ரோட்டில் இருந்தது. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவங்க லிமிட்டு, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால், "லாட்ஜ் வாசல் இந்தப் பக்கம் பாத்துருக்குது, அது அவங்களுதுங்க." நடந்த இடம் எதுவானாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(1) சொல்கிறது. இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். அதைப் பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்தும் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டும். "தேடிப் பாக்கறோம் தம்பி, கெடைக்கலன்னா எஃப்.ஐ.ஆர். போட்டுக்கலாம்." இதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சி.எஸ்.ஆரை வைத்துக்கொண்டு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் திருட்டு கிளெய்மைத் தீர்க்காது. 2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 303(2), கைது செய்யத்தக்க குற்றம். ஆரம்ப விசாரணை என்று 14 நாள் எடுத்துக்கொள்ள அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். "அந்த அனுமதி வாங்கியிருக்கீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்டதும் எஃப்.ஐ.ஆர். வேலை ஆரம்பித்தது. அப்படியும் மறுத்தால் 173(4)-ன் கீழ் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள், அந்தத் தபால் ரசீது பின்னால் உதவும்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கையில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. கொடுத்தார்கள். அதில்தான் பெரிய வினை இருந்தது. சேஸிஸ் நம்பரில் ஒரு பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்தர்) ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்திருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கம்பெனியின் சிஸ்டத்தில் ஏற்றியபோது ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று கிளெய்ம் நின்றது. திருத்தித் தரச் சொல்லிப் போனால், எழுதியவர் பந்தோபஸ்து டூட்டி, இன்ஸ்பெக்டர் கோர்ட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றியதை மாற்ற முடியாது என்று ஆளுக்கொரு பதில். கடைசியில் வழி இதுதான்: பிழையைக் குறிப்பிட்டு ஆர்.சி. நகலோடு நாம் ஒரு மனு கொடுக்க வேண்டும், ஸ்டேஷன் அதை வைத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குத் திருத்தம் எழுதி அனுப்பும், அனுப்பியதன் நகலை நாம் வாங்கி கம்பெனியில் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்துக்காகப் பல வாரம் போனது.

இதைத் தவிர்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. சேஸிஸ் நம்பர் எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கம். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது, 1-ஓடும் 0-ஓடும் குழம்பும் என்பதற்காகவே அவற்றை விட்டிருக்கிறார்கள். ஆகவே அந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால் அது பிழை. ராயல் என்ஃபீல்டு என்றால் எம், இ, 3 என்று தொடங்கும். ஸ்டேஷன் படியை விட்டு இறங்கும் முன் பதிவெண், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்துச் சரிபாருங்கள். சைடு பாக்ஸில் இருந்த பொருள்களையும் புகாரில் எழுதச் சொல்லுங்கள். பைக் பாலிசி அவற்றுக்குப் பணம் தராது, ஆனால் எங்காவது பிடிபட்டால் உரிமை கேட்க அந்த வரி வேண்டும்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புது வண்டிகளுக்கு 5 வருசத் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயமாகச் சேர்ந்து வருகிறது. "எனக்கு 5 வருசத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கானது, அதில் திருட்டுக்குப் பைசா வராது. ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஆகும் இழப்புக்கான) பகுதியை வருசா வருசம் புதுப்பித்திருந்தால்தான் கிளெய்ம் என்ற பேச்சே. புதுப்பிக்கும்போது பிரீமியம் குறைகிறது என்று ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பை, கீழே இறக்காதீர்கள். திருடு போனால் கிடைப்பது அந்த ஐ.டி.வி.தான். 1 முதல் 2 வருச வண்டிக்குத் தேய்மானம் 20 சதவீதம், 2 முதல் 3 வருசத்துக்கு 30. பாலிசி தொடங்கிய நாளில் முடிவான தொகை அது. திருடு போன தேதிக்கு இன்னொரு முறை தேய்மானம் போடக் கூடாது. எங்களிடம் அப்படி ஒரு கணக்கு நீட்டினார்கள், பாலிசியைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். தனியாக வாங்கி மாட்டிய பாக்ஸ், ஃபாக் லைட், கிராஷ் கார்டு எதுவும் பாலிசியில் தனியாக அறிவித்திருந்தால்தான் கணக்கில் வரும்.

தகவல் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. அன்றைக்கே கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "எஃப்.ஐ.ஆர். வந்ததும் சொல்லுங்க" என்றார்கள். பிறகு அதே கம்பெனி, தாமதமாகத் தெரிவித்தீர்கள், கிளெய்மை ஏன் மறுக்கக் கூடாது என்று கடிதம் அனுப்பியது. போன் செய்த கையோடு மச்சான் ஒரு மெயிலும் தட்டிவிட்டிருந்ததால் தப்பித்தோம். போலீசில் உடனே புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தெரிவித்தது தாமதம் என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிய பதிலுக்குப் பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கம்பெனி ஒரு மாதத்துக்குள் சரியான பதில் தராவிட்டால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இரண்டு சாவியும் கேட்பார்கள், ஒரிஜினலாக. ஒன்று குறைந்தால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்று கேள்வி வரும், தொகையில் கை வைப்பார்கள். ஆகவே ரைடுக்கு ஒரு சாவி, மற்றது வீட்டில். ஒரிஜினல் ஆர்.சி.யும் வீட்டில் இருக்கட்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்களில் இருக்கும் நகல் செல்லும் என்று 2018-லேயே மோட்டார் வாகன விதியில் திருத்தம் வந்துவிட்டது. சீட்டுக்கடியில் ஒரிஜினலை வைத்து, வண்டியோடு அதுவும் போனால், திருடு போன வண்டிக்கு டூப்ளிகேட் ஆர்.சி. வாங்க அலையும் தனி வேலை சேர்ந்துகொள்ளும். சாவி, ஆர்.சி. எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

அடுத்து கம்பெனி கேட்டவை: வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 28, 29, 30, முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், கடன் இருந்தால் ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் பைனான்ஸ் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லைச் சான்று). இவை சிக்கலில்லாமல் முடிந்தன. எத்தனை ரூபாய்ப் பத்திரம் என்பதை மட்டும் கம்பெனியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பைனான்ஸுக்குத்தான் போகும். அதுவரை இ.எம்.ஐ. கட்டாமல் விட்டால் வட்டியும் சிபில் (கடன் மதிப்பெண்) அடியும் நமக்கு.

மிச்சமிருந்தது வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, எல்லோரும் என்.டி.சி. என்பார்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்பது வழக்கமான பதில். அந்த இடைவெளியில் சும்மா இருக்காமல், சான்றில் யார் கையெழுத்து வேண்டும், கோர்ட்டில் தாக்கலான இறுதி அறிக்கையின் நகலும் வேண்டுமா என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு வையுங்கள். இன்ஸ்பெக்டர் கையெழுத்தோடு ஒருமுறை கொண்டுபோனபோது, மேலதிகாரி ஒப்பமும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். முன்பே எழுத்தில் சொல்லாமல் இப்படி அலையவிட்டது இன்னும் எரிகிறது.

ஜி.பி.எஸ். டிராக்கர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மாட்டுங்கள், ஆனால் சீட்டுக்கடியில் பேட்டரி பக்கத்தில் வேண்டாம், திருடன் முதலில் கை வைக்கும் இடம் அது. டேங்குக்கடியில், தனி ஃபியூஸோடு, உள் பேட்டரி உள்ளதாக மாட்டுங்கள். வண்டியின் பேட்டரி வயரைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் டிராக்கர் வண்டியின் பேட்டரியை இறக்கிவிடும். சிம் ரீசார்ஜ் தேதியைக் குறித்து வையுங்கள். மலைப்பாதையில் சிக்னல் இல்லாத இடத்தில் கடைசியாகக் காட்டிய புள்ளிதான் மிஞ்சும். இன்ஜினை நிறுத்தும் ரிலேவை ஓடும் வண்டியில் இயக்காதீர்கள், யார் ஓட்டினாலும் உயிர் போகும்.

வண்டி பதிவான ஆர்.டி.ஓ.வுக்கு எஃப்.ஐ.ஆர். நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள், திருடு போன ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு அல்ல. அதே நம்பர் பிளேட்டோடு எவனாவது ஓட்டினால் இ-சலான் நம் பெயருக்குத்தான் வரும், மறுக்க இந்தக் கடிதமும் எஃப்.ஐ.ஆரும் வேண்டும். பணம் வாங்கிய பின் வண்டி கிடைத்தால் அது கம்பெனிக்குச் சொந்தம். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் கிளெய்ம் நம்பரைச் சொல்லுங்கள், அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போடுங்கள். கோர்ட்டில் மனுப் போட்டு வண்டியை எடுப்பது இனி அவர்கள் வேலை.