உயரமானவரும் உயர்ந்தவரும்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்தபோது, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் மேலாளர் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும் என் பொறுப்பு. இன்று பாரந்தூக்கி எந்தப் பக்கம் சுழலும், அதன் கீழே யாரும் போகக் கூடாது, பெல்ட்டை எங்கே மாட்ட வேண்டும் என்று தினமும் சொல்லிச் சொல்லி அந்தச் சொற்களெல்லாம் நாக்கில் படிந்துவிட்டன. ஒரு வழியனுப்பு நாளில் மட்டும் ஒரே சொல்லில் தவறிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பவிருந்தவர், பாரந்தூக்கியில் சுமை கட்டுவதை மேற்பார்க்கும் எங்கள் ரிக்கிங் சூப்பர்வைசர். பட்டுக்கோட்டைப் பக்கம். ஐந்தடிகூட இருக்கமாட்டார். சுமை கட்டிய பட்டையை அவர் கையால் தடவிப் பார்த்துத் தலையசைத்தால்தான் பாரந்தூக்கி ஓட்டுநர் சுமையைத் தூக்குவார். ஒருநாள் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, மேலாளர் அவசரப்படுத்துகிறார். “பட்டை நைஞ்சிருக்கு சார், தூக்க முடியாது” என்று சொல்லிவிட்டு இவர் அப்படியே நின்றார். வேறு பட்டை வரும்வரை மேலாளரும் பக்கத்தில் நின்றார். சத்தம் கிடையாது, வாக்குவாதம் கிடையாது. பையன்கள் எல்லோரும் அவரைப் ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வழியனுப்பு நாளில், இத்தனை வருடங்களில் இவருடைய ‘ஸ்டேச்சர்’ எங்கள் கண்முன்னே வளர்ந்தது என்றார் மேலாளர். எனக்கு அந்தச் சொல் பாதுகாப்புக் கையேடுகளில் பழக்கம். அங்கே அதற்கு ஆளின் உயரம் என்று பொருள். வெறுங்காலோடு நிமிர்ந்து நிற்கும்போது உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை அளப்பது. இவர் விஷயத்தில் அது பொருந்தாது என்று தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. “இவரோட அந்தஸ்து வளர்ந்துக்கிட்டே வந்திருக்கு” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். “தம்பி, அந்தஸ்துன்னு சொல்லிட்டீங்களே. வாங்குன கடனே போன வருசந்தான் அடைஞ்சுச்சு. பசங்க வேற அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்க.” குரலில் கோபமில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பணம், வீடு, சாதி என்று நம் ஊரில் அந்தஸ்து என்ற சொல்லோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு ‘ஸ்டேச்சர்’ என்ற சொல்லைத் தேடி உட்கார்ந்தேன். லத்தீனில் நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. சிலையைக் குறிக்கும் ‘ஸ்டேச்சூ’வும், பதவி நிலையைக் குறிக்கும் ‘ஸ்டேட்டஸ்’ஸும் அதே வேரில் பிறந்தவை. உடல் உயரத்துக்கும், ஒருவர் தம் குணத்தாலும் திறமையாலும் சம்பாதித்த மதிப்புக்கும் அந்த ஒரு சொல்தான். ஊரில் எடுக்கும் பெயரான ‘ரெபுட்டேஷன்’ நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஆனால் கெட்ட ‘ஸ்டேச்சர்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸ்டேட்டஸ்’ நாற்காலியோடு வரும், நாற்காலியோடு போய்விடும். மேலாளர் சொன்னது அதையல்ல. வேலையை விட்டுப் போகிறவரைப் பார்த்து, போன பின்னும் நிற்கப்போகும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் அவர் கடன் அடைத்த கதையோடு நான் மோதவிட்டேன்.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நம்மவர்கள் உடலையும் புகழையும் எதிரெதிரே நிறுத்திச் சொல்வார்கள். அதனால் இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு சொல் கிடைக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குறள் நினைவுக்கு வந்தது:

நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம்
மலையினும் மாணப் பெரிது.

தன் நிலையிலிருந்து மாறாமல் அடங்கி நடப்பவனின் தோற்றம் மலையைவிட மிகப் பெரிது என்கிறது அது. இங்கே ‘தோற்றம்’ என்பதற்குப் பரிமேலழகர் ‘உயர்ச்சி’ என்றே உரை எழுதுகிறார். நிலை என்பதும் ‘நில்’ என்ற வேரிலிருந்து வந்ததுதானே. பட்டை நைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் நின்ற நிலை என் கண்முன் வந்தது. உயரமான மனிதர் என்றால் உடம்பு, உயர்ந்த மனிதர் என்றால் குணம். ஒரே வேர், விகுதிதான் வேறு. பையன்கள் தினமும் கூப்பிட்ட ‘பெரியவர்’ என்ற சொல்லிலும் வயது, அளவு, மதிப்பு மூன்றும் இருந்தன. தளம் முழுக்க ஒலித்த அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அதிகாரபூர்வமாகக் கேட்கிற சொல் எது என்று தேடியதுதான் என் பிழை.

அடுத்த மாதம் பட்டுக்கோட்டைக்கு லீவில் போன பையன் ஒருவனிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேலாளர் சொன்னதைத் திரும்ப எழுதியிருந்தேன்: “எங்கள் கண்முன்னே நீங்கள் உயர்ந்துகொண்டே இருந்தீர்கள், பெரியவரே.” வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அதை அந்தப் பையனையே சத்தமாகப் படிக்கச் சொன்னாராம்.