அறுவடை மிஷின் புக்கிங்: ஒன்றோடொன்று மோதுவதை ஸ்கிரிப்ட் வைத்துப் பிடிப்பது

தை பிறந்தால் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா எல்லாம் ஒன்றாக அறுப்புக்கு வந்து நிற்கும். மிஷின் கேட்டு வரும் போனை யார் எடுக்கிறாரோ அவர் கூகுள் காலண்டரில் பதிந்துவிடுவார். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவு போட்டாலும் காலண்டர் தடுக்காது, பக்கத்துப் பக்கத்தில் காட்டும், அவ்வளவுதான். அதைப் பிடிக்கத்தான் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (கூகுள் சேவைகளுக்குச் சின்ன நிரல் எழுதும் வசதி) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டுகிறோம்; மோதல் இருந்தால் அது எங்களுக்கு மெயில் அனுப்பும்.

முதலில், ஒரு மிஷினுக்கு ஒரு காலண்டர். எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டால், செயின் வண்டி (டயருக்குப் பதில் செயினில் ஓடும் மிஷின்) ஓர் ஊரிலும் டயர் வண்டி வேறு ஊரிலும் அறுப்பதைக்கூட மோதல் என்று சொல்லும்.

சோதனை எளிது. முதல் பதிவு, இரண்டாவது முடிவதற்கு முன் தொடங்க வேண்டும்; இரண்டாவதும் முதலாவது முடிவதற்கு முன் தொடங்க வேண்டும். இரண்டும் உண்மையென்றால் மோதல். இங்கே ‘சமம்’ சேர்க்கக் கூடாது, சேர்த்தால் 1 மணிக்கு முடிவதும் 1 மணிக்குத் தொடங்குவதும் மோதலாகிவிடும். நேர வரிசையில் அடுத்தடுத்த இரண்டை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. 10 முதல் 6 வரை ஒரு பதிவு, நடுவே 11 முதல் 12 வரை ஒன்று, பிறகு 3 மணிக்கு ஒன்று என்று வையுங்கள். மூன்றாவது இரண்டாவதோடு மோதவில்லை, முதலாவதோடு மோதுகிறது. அதனால் இதுவரை வந்ததில் எது கடைசியாக முடிகிறதோ அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல், பதிவில் இருக்கும் நேரமே சரியாக இருப்பதில்லை. போனில் அவசரமாகப் போட்டால் காலண்டர் தானாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளும். 12 மா, அதாவது நாலு ஏக்கர், ஒரு மணியில் அறுத்து முடியுமா? அதனால் தலைப்பிலேயே ‘12 மா, சாய்ஞ்சது’ என்று எழுதச் சொல்லியிருக்கிறோம். ஸ்கிரிப்ட் 3 மா ஒரு ஏக்கர் என்று வைத்து, நின்ற பயிருக்கு ஏக்கருக்கு ஒரு மணி, சாய்ந்த பயிர், சேறு என்றால் இரண்டு மணி என்று முடியும் நேரத்தைத் தானே போட்டுக்கொள்ளும். பதிவில் உள்ள நேரம், இந்தக் கணக்கு, இரண்டில் எது பிந்தியதோ அதையே எடுக்கும். பனி காயாமல் மிஷினை வயலில் இறக்க முடியாது என்பதால் காலை 10க்கு முன் தொடங்கும் பதிவைத் தனியாகக் காட்டும். ‘நாள் முழுதும்’ என்ற பதிவு நள்ளிரவு முதல் மறுநாள் நள்ளிரவு வரை என்று வரும். அதை 10 முதல் 7 வரை என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முந்தின நாள் ராத்திரி ஓட்டத்தோடு வீணாக மோதும்.

இடைவெளியையும் கூட்ட வேண்டும். செயின் வண்டியை ரோட்டில் ஓட்டிப் போக முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். ஊர் மாறினால் இரண்டு மணி, அதே ஊர் என்றால் அரை மணி சேர்க்கிறோம். ஒருவர் ‘மன்னை’ என்றும் இன்னொருவர் ‘மன்னார்குடி’ என்றும் எழுதினால் ஸ்கிரிப்ட் இரண்டு ஊர் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு கூகுள் ஷீட்டில் ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்து, எல்லா வழக்குப் பெயரையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டின் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தால் ஒப்பீடு கெடாது. 10 மணிக் கணக்கும் மெயிலில் வரும் நேரமும் கெடும்.

காலண்டர் மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் தானாக ஓடும்படி ட்ரிகர் (தானாகத் தொடங்கிவைக்கும் அமைப்பு) வைக்கலாம். எந்தப் பதிவு மாறியது என்று அது சொல்லாது, அதனால் ஒவ்வொரு தடவையும் வரும் 15 நாளை முழுக்கப் பார்க்கிறோம். ஒரே மோதலுக்குத் திரும்பத் திரும்ப மெயில் வராமலிருக்க, மோதும் இரண்டு பதிவுகளின் ஐடியையும் (காலண்டர் பதிவுக்குக் கொடுக்கும் அடையாள எண்) தொடங்கும் நேரத்தையும் சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஐடி மட்டும் போதாது, திரும்பத் திரும்ப வரும் பதிவுகளுக்கு எல்லா நாளும் ஒரே ஐடிதான்.

எதையும் தானாக நகர்த்த நாங்கள் விடவில்லை. தண்ணீர் நிற்கும் வயலா, முளை விடப்போகும் சாய்ந்த பயிரா என்று பார்த்து, இரண்டு பேரிடமும் போனில் பேசித்தான் யாருக்கு முதலில் என்று முடிவாகிறது. மெயிலில் இரண்டு பதிவின் ஊரும், மாவும், போட்டவர் யார் என்பதும் இருந்தால் போதும்.