நீள நோட்டு

நவம்பர் 13, 2023, திங்கள்

தீபாவளிக்கு மறுநாள், லீவு. லேபில் ஆள் இருக்காது, அதனால்தான் வந்தேன். படிக்கட்டு முழுக்க வெடிக் காகிதம். பழைய சர்வர் ராத்திரி இரண்டு தடவை தானாக அணைந்து எழுந்திருக்கிறது. பவர் சப்ளைதான், வேறொன்றுமில்லை. ஆனால் 62 கம்ப்யூட்டரும் யாராவது லாகின் பண்ணும்போதெல்லாம் "இது யார், எந்தக் குரூப்" என்று அதனிடம்தான் கேட்கின்றன. அது படுத்தால் எல்லாம் படுக்கும்.

அதில் இருப்பது சென்ட்ஓஎஸ் 6, பழைய லினக்ஸ். 2020 நவம்பரோடு அதற்கு அப்டேட் நின்றுபோனது. மேலே ஓடுவது என்ஐஎஸ், எல்லா மெஷினுக்கும் ஆள், பாஸ்வேர்ட், குரூப் பட்டியலை ஒரே இடத்திலிருந்து கொடுக்கும் ஏற்பாடு. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்த அண்ணாச்சி கட்டியது. ஒரு தடவைகூட என்னைத் தொடவிட்டதில்லை. "நான் இருக்கிற வரைக்கும் நீ இதுல கைவைக்காத தம்பி" என்பார்.

புதுப் பெட்டியில் டெபியன் 12 என்ற வேறொரு லினக்ஸை ஏற்றிவிட்டேன். 27-ஆம் தேதி பிராக்டிகல் தொடக்கம். 14 நாள்.

நவம்பர் 14, செவ்வாய்

ஏதாவது ஒரு ஸ்டூடன்ட் மெஷினில் உட்கார்ந்து ஒய்பிகேட் பாஸ்வேர்ட் என்று அடித்தால் போதும், எல்லோருடைய பாஸ்வேர்ட் ஹாஷும் (பாஸ்வேர்டைக் குழப்பி வைத்த வடிவம்) திரையில் கொட்டுகிறது. தெரிந்த விஷயம்தான், என்ஐஎஸ்ஸின் பிறவிக் கோளாறு. ஆனாலும் ஹெச்.ஓ.டி மேடத்தின் ஹாஷைக் கண்ணால் பார்த்தபோது கை குறுகுறுத்தது. டாலர் ஒன்று டாலர் என்று தொடங்குகிறது. எம்டி5, பழைய முறை. அப்படியென்றால் மேடம் எந்தக் காலத்திலிருந்தோ பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. எப்படிச் சொல்வது?

அந்த "ஒய்பி" பற்றி: சன் கம்பெனி இதற்கு முதலில் வைத்த பெயர் யெல்லோ பேஜஸ். பிரிட்டனில் அது அப்போது பிரிட்டிஷ் டெலிகாமின் டிரேட்மார்க்காக இருந்தது, அதனால் பெயரை மாற்றினார்கள். கமாண்டுகளை மாற்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் ஒய்பிபைண்ட், ஒய்பிசர்வ், ஒய்பிவிச். அண்ணாச்சி இதைப் புது ஆட்களிடம் ஒவ்வொரு ஜூலையும் சொல்வார். அதே இடத்தில் நிறுத்தி, அதே சிரிப்பு.

என்ஐஎஸ்ஸையே புதுப் பெட்டிக்குத் தூக்கிப் போகலாமா என்று ஒரு சபலம். வேண்டாம். ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-லிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். எல்டேப்தான், ஆள் பட்டியலை வைத்திருக்கும் இன்னொரு ஏற்பாடு. கிளையன்ட் பக்கம், அதாவது ஒவ்வொரு மெஷினிலும், அதனிடம் கேட்டுச் சொல்ல எஸ்எஸ்எஸ்டி.

நவம்பர் 15, புதன்

மழை. அண்ணாச்சி வீட்டு அண்ணி போனை எடுக்கவில்லை.

நவம்பர் 16, வியாழன்

ஒரு எம்.ஃபில் பொண்ணு வந்து, "சார், என் தீசிஸ் ஃபோல்டருக்கு ஓனர் யாரோ சிஸ்டம்டி டைம்சின்க்னு வருது, ஹேக் பண்ணிட்டாங்களா?" என்றது. சிரித்துவிட்டேன். பிறகு ரொம்ப நேரம் சிரிப்பு வரவில்லை.

சென்ட்ஓஎஸ் 6-ல் ஆட்களுக்குக் கொடுக்கும் எண் 500-இல் தொடங்கும். டெபியனில் 1000. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சிஸ்டத்துக்கு. சிஸ்டம்டி (மெஷினைக் கிளப்பி நடத்தும் புரோகிராம்) தன் வேலைக்காரர்களுக்கு 999-இலிருந்து கீழ்நோக்கி எண் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொண்ணின் எண் 997. யாரிடம் முதலில் கேட்பது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலில் "ஃபைல்ஸ், எஸ்எஸ்எஸ்" என்று வரிசை கொடுத்திருக்கிறேன். அதன்படி மெஷின் முதலில் தன் வீட்டு ஃபைலைத்தான் பார்க்கும், அங்கே 997 என்று யாராவது இருந்தால் எல்டேப் வாசலுக்கே போகாது. ஃபோல்டரில் பெயர் என்று எதுவும் எழுதியிருப்பதில்லை, எண்தான். ஃபைல் பட்டியலுக்காக எல்எஸ் அடிக்கிற நிமிஷத்தில் போய்க் கேட்டுப் பெயரை ஒட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வரிசையைத் திருப்பிப் போடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போட்டால் நெட்வொர்க் விழுகிற அன்றைக்கு தன் வீட்டு ஆட்கள் யார் என்று கேட்கக்கூட அது எல்டேப்பிடம் போய் நிற்கும். கூடாது.

500 முதல் 999 வரை இன்னும் ஆளோடு இருக்கிற கணக்கு 71. எல்லோருக்கும் 20000 கூட்டிவிடுவதென்று முடிவு. 997 இனிமேல் 20997. ஃபைண்ட் போட்டு ஒவ்வொரு எண்ணின் ஃபைல்களையும் தேடி, ஓனரை மாற்றும் சௌன் அடிக்க வேண்டும், மறக்காமல் மைனஸ் ஹெச் சேர்த்து. இல்லையென்றால் ஷார்ட்கட் லிங்கை விட்டுவிட்டு அது காட்டுகிற ஃபைலின் ஓனரை மாற்றித் தொலைக்கும். நாலு டிபி. ராத்திரி முழுக்க ஓடும்.

தேடுகிற சாக்கில் இன்னொன்றும் பார்த்தேன். டேட்டா டைரக்டரியில் ஒரு மூலையில் பெயரே வராமல் வெறும் எண்ணாக நிற்கிறது: 1047. 212 ஜிபி.

நவம்பர் 17, வெள்ளி

அண்ணாச்சியைப் பார்த்தேன். வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பையன் வருகிறான். டம்ளரைக் காட்டி "இது என்ன" என்றால் வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. "ஒண்ணுலேருந்து சொல்லுங்க" என்றால் இருபது வரைக்கும் தங்குதடையில்லாமல் சொல்கிறார். பழகிய வரிசை அப்படித்தான் சார் முதல்ல வரும் என்றான் பையன்.

"இன்னைக்கு ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாவ தம்பி" என்றார் அண்ணி. வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத்தான் போனேன்.

நவம்பர் 18, சனி

எல்டேப்பில் எல்லோரையும் ஏற்றியாகிவிட்டது. பழைய ஹாஷ்களை முன்னால் கிரிப்ட் என்று அடைப்புக்குள் போட்டு அப்படியே வைத்தால் வாங்கிக்கொள்கிறது. யாரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டியதில்லை. மேடம் உட்பட.

பிறகு எஸ்எஸ்எஸ்டி கிளம்ப மறுத்தது. அதன் கான்ஃபிக் ஃபைலை ரூட் (மெஷினின் தலைமைக் கணக்கு) தவிர வேறு யாரும் படிக்கக்கூடாது, 600 பெர்மிஷன். நான் 644-இல், எல்லோரும் படிக்கும்படி விட்டிருந்தேன். சரி.

கிளம்பியதும் ஆள் பட்டியலைக் கேட்டு கெட்என்ட் பாஸ்வேர்ட் அடித்தால் லோக்கல் ஆட்கள் மட்டும்தான் வருகிறார்கள். எல்டேப்பில் இருக்கிற ஒருவரும் இல்லை. முக்கால் மணி நேரம். ஃபயர்வால், சர்டிபிகேட், போர்ட் 636, பேஸ் டிஎன், எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். டீ ஆறிப்போனது. கடைசியில் சலித்துப்போய் கெட்என்ட் பாஸ்வேர்ட் என்று அடித்து என் பெயரையும் சேர்த்து அடித்தேன். பளிச்சென்று வந்தது. எஸ்எஸ்எஸ்டி கேட்ட ஆளைத்தான் காட்டும், ஊரையே கூட்டிக் காட்டாது. எனுமரேட் என்பது ஆஃப்தான் அதன் இயல்பே. என்ஐஎஸ் பழக்கம். எல்லோரையும் ஒரே தட்டில் பார்த்துப் பழகிய கண்.

நவம்பர் 19, ஞாயிறு

1047. பழைய மேப்பில் (என்ஐஎஸ் பட்டியலில்) இல்லை. பேக்கப் சிடியிலும் இல்லை.

நவம்பர் 20, திங்கள்

ஆட்கள் வருகிறார்கள், குரூப் வரவில்லை. ஒருவரின் குரூப்களைக் காட்டும் ஐடி கமாண்டை அடித்தால் முதல் குரூப் மட்டும் காட்டி நின்றுவிடுகிறது. நான் குரூப்பில் ஆட்களைப் பழைய முறையில் மெம்பர்யூஐடி என்று வெறும் லாகின் பெயராகப் போட்டிருக்கிறேன், 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2307 என்ற ஆவணம் சொன்னபடி. எஸ்எஸ்எஸ்டியில் ஸ்கீமா 2307பிஸ் என்று எழுதிவைத்திருக்கிறேன், எங்கிருந்தோ பார்த்துக் காப்பி அடித்தது. பிஸ் என்றால் அது மெம்பர் என்ற இடத்தில் முழு முகவரியைத் தேடும். தேடிப் பார்த்து, யாரும் இல்லை என்று அமைதியாக இருந்துவிடும். எரர் ஒன்று சொல்லித் தொலைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

திருத்தினேன். அப்படியும் காலி. கேஷ்! தொண்ணூறு நிமிஷம் பழையதையே வைத்துக்கொண்டு பதில் சொல்லும். எஸ்எஸ்எஸ் கேஷ் மைனஸ் ஈ அடித்து அதைத் தள்ளினேன். வந்துவிட்டது.

மதியம் மேடம் கூப்பிட்டார். டிஸ்க் 97 சதவீதம். "அந்த அநாதை 212 ஜிபிய டெலிட் பண்ணிடுங்க தம்பி, யாரும் கேக்கப்போறதில்ல." ஓனர் யாரென்று தெரியாமல் எப்படி மேடம் என்றேன். "தெரியாததுனாலதான சொல்றேன்."

பாஸ்வேர்ட் விஷயத்தைச் சொல்லவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

சௌன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 20640-இல் நிற்கிறது.

நவம்பர் 22, புதன்

அண்ணியே போன் பண்ணினார். "ஒரு நோட்டு இருக்கு தம்பி, காலேசு சாமானோட கெடந்துது. வந்து பாருங்க."

கடைக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. கட்டம் கட்டமாக ஸ்கேல் வைத்துக் கோடு: எண், பெயர், படிப்பு, கைடு, சேர்ந்த தேதி, கையெழுத்து. ஒவ்வொரு கணக்கும் முதலில் இதில்தான் பிறந்திருக்கிறது, பிறகுதான் சர்வரில். பஸ்ஸில் நின்றுகொண்டே புரட்டினேன். மாட்டுத்தாவணி வந்ததே தெரியவில்லை.

1047 இருக்கிறது. இரண்டு பெயரோடு.

நவம்பர் 23, வியாழன்

நேற்றைய வரியிலேயே நிற்கிறேன். முதல் பெயர் நீல மையில், 2013 ஆகஸ்ட் சேர்ந்தவர். சிவப்பு மையால் அடித்திருக்கிறது. அதே கட்டத்தில் கீழே இடுக்கிக்கொண்டு, பொடி எழுத்தில், இரண்டாவது பெயர். அடித்த தேதி இல்லை. இரண்டாமவர் சேர்ந்த தேதியும் இல்லை. ஏன் இல்லை? மற்ற எல்லாக் கட்டத்திலும் இருக்கிறது. பெயர்களை இங்கே எழுதவில்லை.

ஃபைல்களின் தேதி 2014 ஜூலை முதல் 2016 ஏப்ரல் வரை. முழுக்க முதல் ஆளுடையதாக இருக்கலாம். பாதி இவருடையது, பாதி அவருடையதாகவும் இருக்கலாம். அவுட்புட் ஃபைல்களைத் திறந்து திறந்து பார்த்தேன். ஹோஸ்ட் பெயர், தேதி, ரன்17, ரன்18. ஆள் பெயர் எங்கும் இல்லை.

இதில் என்னைக் குடைவது இடம் அல்ல. ஒருவர் போனதும் அவர் கணக்கை அழித்து, எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால், முன்னவர் விட்டுப்போன ஒவ்வொரு ஃபைலும் அந்த நொடியே பின்னவருடையதாகிவிடும். படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். யாரும் திருட வேண்டியதில்லை, சிஸ்டமே சாவியைக் கையில் கொடுக்கிறது. இவ்வளவு ஒழுங்காகக் கோடு போட்ட அண்ணாச்சி இதை எப்படிச் செய்தார்? தெரியாதவர் இல்லை. எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்: "ஆள் போனா ஷெல்ல மட்டும் பூட்டு, நம்பர தொடாத." நோட்டில் வேறு எங்கும் இப்படி ஓர் அடித்தல் இல்லை. 96 பக்கமும் பார்த்தாயிற்று.

புது எல்டேப்பில் 1047 என்ற எண்ணை யாருக்கும் போகாதபடி பூட்டிவைத்திருக்கிறேன், பெயர் இல்லாமல்.

நவம்பர் 24, வெள்ளி

புராஜெக்ட் தங்கச்சிக்கு ஒரே ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை. ஐடி சரியாகக் காட்டுகிறது, அந்தக் குரூப்பில் இருக்கிறாள். மொத்தம் 19 குரூப்பில் இருக்கிறாள்! ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் தன் கவரில் 16 குரூப் எண்ணுக்குமேல் வைக்காது, மீதி மூன்று வாசலிலேயே உதிர்ந்துவிடும். சர்வரில் மவுன்ட்டி என்ற என்எஃப்எஸ் புரோகிராமுக்கு மேனேஜ் ஜிட்ஸ் போட்டேன். இனிமேல் கவரில் வருவதை நம்பாமல் சர்வரே எல்டேப்பில் பார்த்துக்கொள்ளும்.

"அண்ணா, நீங்க சாப்ட்டீங்களா" என்றாள். இல்லை.

நவம்பர் 25, சனி

நோட்டை அண்ணாச்சியிடம் எடுத்துப் போய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இடது கை ஆள்காட்டி விரலைக் கட்டத்தின் மேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார். நகம் வெட்டியிருந்தது. அண்ணி வெட்டியிருப்பார்.

"மொத ஆளோடதா அண்ணாச்சி?"

"ஆமா."

"ரெண்டாவது ஆளோடதா?"

"ஆமா."

"நீங்க வேணும்னேதான் மாத்துனீங்களா?"

"ஆமா, ஆமா." கண் கலங்கியது. அல்லது அந்தக் கண்ணே இப்போது அப்படித்தான் இருக்கிறது. பயிற்சிப் பையன் சைகை காட்டினான், போதும் சார் என்று. கேட்டிருக்கக்கூடாது.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை. ஊரெல்லாம் விளக்கு, நான் மட்டும் லேபில். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ரூட் விண்டோவைத் திறந்துவைத்துக்கொண்டே என்எஸ்ஸ்விட்ச்சில் என்ஐஎஸ்ஸை அடித்து எஸ்எஸ்எஸ் எழுதினேன். எங்கேயாவது சொதப்பினால் திரும்பி உள்ளே வர வழி வேண்டும். 41-ஆவது மெஷினில் லாகின் நிமிஷக்கணக்கில் இழுத்தது. என்எஸ்சிடி என்கிற பழைய கேஷ் டீமன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எஸ்எஸ்எஸ்டியோடு சேர்ந்து இரண்டு பேர் ஒரே கேள்விக்குப் பதில். எடுத்தேன்.

மாலை 5.40. 62-உம் முடிந்தது. பழைய சர்வரில் ஒய்பிசர்வை நிறுத்தினேன். பெட்டியை அணைக்கவில்லை, ஃபேன் ஓடட்டும்.

வாட்ச்மேன் அண்ணன் ஒரு பொரி உருண்டை கொடுத்தார். பல் உடைந்திருக்கும்.

நவம்பர் 27, திங்கள்

ஒன்பதரைக்கு 60 பேர் ஒரே நேரத்தில் லாகின். ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. மேடம் மட்டும் கூப்பிட்டார், 1047 போச்சா என்று. நாளைக்கு மேடம் என்றேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இன்டென்ட் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 28, செவ்வாய்

அண்ணி போன். "தம்பி, அந்த நோட்ட கொண்டாந்திருதீகளா? காலைலேருந்து கட்டில சுத்தித் தேடுதாவ. என்னன்னு கேட்டா விரல நீட்டி நீட்டிக் காட்டுதாவ, அதத்தான்னு நெனைக்கேன்."

சாயங்காலம் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் 96 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். கேட் பக்கத்துக் கடையில் கரண்ட் இல்லை. எதிர்க்கடையில் நீள நோட்டு கண்ணாடியில் அடங்காது, இரண்டு இரண்டாகத்தான் எடுக்கணும் என்கிறான், 192 காப்பி. எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே நிற்கிறேன். மறுபடி தூறல்.