யார் கண்ணாடி?

இன்றைய நாடக வகுப்பில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடிப் பயிற்சி. ஒருத்தி செய்வதை மற்றவள் அப்படியே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஜெயிக்கத்தான் பார்த்தார்கள். சடாரென்று கையை வீசுவது, குனிவது, எதிரே இருப்பவளை மாட்டிவிடுவது. இந்த வயதில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

"மெதுவா, இன்னும் மெதுவா" என்றேன். பார்வை கையை விட்டு முகத்துக்கு வந்தது.

அப்புறம், "இப்போ யாரும் முன்னால போகக் கூடாது, ரெண்டு பேருமே பின்தொடரணும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு சுண்டுவிரல்கள் ஒன்றாக மடங்கின. யார் ஆரம்பித்தது என்று கேட்டால், ஆளுக்கு ஆள் மற்றவளைக் காட்டுகிறார்கள்!

அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் 1963இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் பயிற்சி இருக்கிறது. அவருடைய விளையாட்டுகள் எல்லாமே கவனத்துக்கு ஒரு வேலை கொடுக்கும். கவனம் எதிரே இருப்பவர் மேல் போய்விட்டால், 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கூச்சத்துக்கு இடமிருக்காது.

பதினாறு வயதில் அந்தக் கூச்சம் சாதாரணமானதா என்ன? 'உணர்ச்சியோடு பேசு' என்று அதட்டினால் அது அதிகரிக்கத்தான் செய்யும்.

ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒத்திகைக்கு நேரமில்லை என்றால் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான். அதுதான் எரிச்சல்.