ஏ4 வீதி ஓரத்துக் காணியில் மதில் கட்ட அனுமதி எடுத்த அனுபவம்

அனுமதிக் கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பிரதான வீதியை ஒட்டிக் காணி வைத்திருப்பவர்கள் மதிலோ கடையோ கட்ட நினைத்தால், இதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விண்ணப்பம், காணி உறுதிப் பிரதி, சோலைவரி ரசீது எல்லாவற்றையும் உள்ளூராட்சி சபையில் கொடுத்தேன். வாங்கி வைத்தார்கள், அவ்வளவுதான். கோப்பு அசையவே இல்லை. நானாகப் போய் விசாரித்தபோதுதான், இது ஏ தர வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கடிதம் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். ஏ, பி தர வீதிகள் அந்த அதிகார சபையின் பொறுப்பு, சரி. அதை விண்ணப்பம் வாங்கிய அன்றே சொல்லியிருக்கலாமே! இன்னும் மனம் ஆறவில்லை.

அதிகார சபை வேலை சுருக்காக முடிந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து, வீதியின் நடுக்கோட்டிலிருந்து நாடா பிடித்து அளந்தார். கல்முனை பஸ்கள் பறக்கிற நேரம். மருமகன் சிவப்புத் துவாயை ஆட்டிக்கொண்டு நடுவீதியில் நின்றான். வேலிக்கு உட்புறமாகச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு அங்கால, வீதிப் பக்கம் ஒரு கல்லும் வரக்கூடாது" என்றார். கடிதமும் வந்தது.

அதை உள்ளூராட்சி சபையில் கொண்டுபோய்க் கொடுத்தால் புதுத் தலையிடி. கடிதத்தில் இருந்தது 'கொழும்பு–இரத்தினபுரி–வெல்லவாய–மட்டக்களப்பு வீதி'. என் உறுதியில் 'மட்டக்களப்பு–கல்முனை வீதி'.

"ஐயா, இது கொழும்பு றோட்டு. உங்கட காணி கல்முனை றோட்டில. ரெண்டும் வேற" என்று லிகிதர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

"தம்பி, ரெண்டும் ஒரே றோட்டுதான்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நாம் கொழும்புக்குப் பொலன்னறுவைப் பக்கமாகத்தானே போகிறோம். மேற்கே கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை என்று நாட்டைக் குறுக்கே கடந்து, பொத்துவிலில் கடலைக் கண்டு வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வருகிற அந்த ஏறத்தாழ 430 கிலோமீட்டர் வீதிதான் நம் வாசலில் கிடக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கந்தோரில் இருப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வழி காட்டியவர் நில அளவையாளர். புதிய வரைபடத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி, ஏ4 என்ற இலக்கத்தையும் போட்டு ஒப்பம் வைத்தார். கிராம உத்தியோகத்தரிடம் இரண்டும் ஒரே வீதி என்று ஒரு கடிதம் எடுத்து, அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்கினேன். மூன்றையும் மேசையில் வைத்தபோது லிகிதரால் மறுக்க முடியவில்லை. அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆகவே முதலில் அதிகார சபைக் கடிதம், பிறகுதான் சபை விண்ணப்பம். வீதி அகலிக்க முன் கீறிய பழைய வரைபடத்தை நம்பாமல் புதிதாக அளந்து, இரண்டு பெயரையும் அதிலேயே போடுவியுங்கள். எதைக் கொடுத்தாலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தாமல் வெளியே வர வேண்டாம். கோப்பைக் காணவில்லை என்று எனக்கு ஒரு நாள் சொன்னபோது கைகொடுத்தது அந்த முத்திரைதான்.