ஆர்ட்ஸ் காலேஜா, அதுவும் கவர்மெண்ட் காலேஜா

மார்ச் 22, 2025, சனி

நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன், பாப்பாவுக்கு செயின்ட் மேரீஸ் காலேஜிலும் இடம் கிடைத்திருக்கிறது, மேரிலாண்ட் அரசாங்கத்தின் கல்லூரி, லிபரல் ஆர்ட்ஸ் என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஆர்ட்ஸ் காலேஜா, அதுவும் கவர்மெண்ட் காலேஜா? ஏண்டி, அவ நல்லாத்தானே படிக்கிறா?" என்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தெருவில் இன்ஜினியரிங் கிடைக்காதவர்களும், கிடைத்தும் பணம் கட்ட முடியாதவர்களும் போன இடம் அது. நானும் அப்படிப் போனவள்தான். பி.எஸ்சி. கணிதம் எடுத்தவள் பக்கத்துக் கட்டடத்தில் நடந்த வரலாற்று வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார முடியாது. எனக்கு அந்த ஏக்கம் இன்றும் உண்டு.

இங்கே அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருளே வேறு. லிபரல் ஆர்ட்ஸ் என்றால் உயிரியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் அதற்குள் உண்டு. முதலில் பல துறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவிட்டு, அப்புறம் ஒன்றை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட சின்னக் கல்லூரிகள் பெரும்பாலும் தனியார். பெயர் பெற்றவற்றில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 60,000 டாலரைத் தாண்டும். மாநில அரசுகளே நடத்துபவை கொஞ்சம்தான். அவை 1987-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பும் தொடங்கின. செயின்ட் மேரீஸ் அதில் ஒன்று.

மார்ச் 26, புதன்

இவர் சாய்வது காலேஜ் பார்க்கில் இருக்கும் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பக்கம். அங்கேயும் இடம் கிடைத்திருக்கிறது, மேரிலாண்டில் வரி கட்டுகிறவர்களுக்குக் கட்டணமும் அங்கேதான் குறைவு. செயின்ட் மேரீஸ் கொடுக்கும் உதவித்தொகையைக் கழித்தால் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. அது ஒரு வகையில் நிம்மதி, ஒரு வகையில் கஷ்டம்.

சாப்பிடும்போது இவர் ராமானுஜனைப் பற்றிச் சொன்னார். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் மற்ற பாடங்களில் தவறி அந்த உதவித்தொகையையே இழந்தார். எல்லாவற்றையும் படி என்று சொல்லும் இடம் எல்லோருக்கும் ஒத்துவராது என்றார். நியாயமான பேச்சு. ஒன்றிலேயே ஊறிப்போன பிள்ளையை இப்படி ஒரு கல்லூரியில் கொண்டுபோய் விடக்கூடாது. ஆனால் நம் பெண் அப்படியா? போன வருடம் முழுக்க உயிரியல் என்றாள், கோடையில் வரலாறு என்றாள், இப்போது இரண்டும் வேண்டும் என்கிறாள். நாளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொன்னாலும் சொல்வாள். காலேஜ் பார்க்கில் உள்ளே போனபிறகு அதற்கு மாறுவது சுலபமில்லை, இடங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

அவளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் இன்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கெய்தர்ஸ்பர்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். வால்டார்ஃப் தாண்டியதும் கடைகள் குறைந்துகொண்டே போகின்றன, சாலை ஓரத்தில், கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குதிரை வண்டி ஒன்று போயிற்று. இவ்வளவு தூரமா என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிறகு ஆறு. செயின்ட் மேரீஸ் ஆறு கல்லூரியின் கரையை ஒட்டியே ஓடுகிறது, அகலமாக, பாய்மரப் படகுகளோடு. 1634-இல் மேரிலாண்ட் காலனியின் முதல் குடியேற்றம் இங்கேதான், 1695 வரை தலைநகரும் இதுதான். தலைநகர் அனாபொலிஸுக்குப் போனபிறகு ஊர் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது கோடையில் மாணவர்கள் அதைத் தோண்டிக் கற்கிறார்கள். வரலாறும் உயிரியலும் வேண்டும் என்கிறவளுக்கு இரண்டும் ஒரே கரையில்.

ஒரு உயிரியல் வகுப்பில் உட்கார விட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். மேசை மேல் ஒரு தட்டில் சிப்பிகள், சேறு இன்னும் காயவில்லை. ஒரு சிப்பியின் விளிம்பில் நகத்தளவு நண்டு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஜன்னலோரப் பையன் கடைசியில் ஏதோ சொன்னான், தப்பு போலிருக்கிறது, ஆனால் அவர் விடாமல் அவனோடு மூன்று நான்கு கேள்வி போய், அவனே திருத்திக்கொள்ளும்வரை நின்றார். நான் படித்த காலத்தில் யாரும் அப்படி நின்றதில்லை. அறுபது பேர், நோட்ஸ் சொல்வார்கள், எழுதுவோம்.

பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

விஷயம் அதுதான். அவள் பெரிய பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாய் திறக்காமலே ஏ வாங்கிப் பழகியவள். காலேஜ் பார்க்கில் இளங்கலை மாணவர்கள் மட்டும் சுமார் 30,000 பேர், அங்கே அப்படியே நான்கு வருடம் ஓட்டிவிடலாம். சுமார் 1,600 பேர் படிக்கும் இடத்தில் முடியாது. அங்கே வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். என் கணிப்பில் ஆறும் படகும் இல்லை, இந்த ஒன்றுதான் கேள்வி: ஒளிந்துகொள்ள இடமில்லாத வகுப்பில் அவள் மலர்வாளா, சுருங்குவாளா?

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று புத்தாண்டு. வேப்பம்பூ கிடைக்கவில்லை, மாங்காய்ப் பச்சடி மட்டும் செய்தேன்.

இவர் ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார். ஆஷ்வில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் இதே மாதிரியான அரசுக் கல்லூரிதான், 2024-இல் அங்கே தத்துவம், நாடகம் உள்பட சில துறைகளை மூடும் முடிவு வந்தது. ஃப்ளோரிடாவின் நியூ காலேஜில் 2023 ஜனவரியில் ஆளுநர் ஒரே நாளில் ஆறு அறங்காவலர்களை நியமித்தார், கல்லூரியின் போக்கே மாறிவிட்டது. அரசுப் பணம் என்றால் அரசின் கையும் கூடவே வரும். சின்ன இடத்தில் ஒரு துறை போனால் மாற்றுக்குப் பக்கத்துக் கட்டடம் இல்லை. எனவே கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன்: உயிரியலிலும் வரலாற்றிலும் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அடுத்த இரண்டு வருடத்தில் என்னென்ன வகுப்புகள் வரும் என்று. பதில் விவரமாகவே வந்தது. சேர்க்கிற எந்தப் பெற்றோரும் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, அந்தப் பையன் தப்பாச் சொன்னப்ப யாருமே சிரிக்கல, கவனிச்சியா?" என்றாள். கவனிக்கவில்லை. நான் ஆசிரியையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக இவள் மனதில் இருந்தது அதுதான். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா பேசக் கத்துக்கணும்னா அந்த மாதிரி இடத்துலதான் முடியும்" என்றாள்.

இவரிடம் அவளே போய்ப் பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம்.

மே 1, வியாழன்

செயின்ட் மேரீஸுக்குப் பணம் கட்டியாயிற்று. கார்டு எண்ணை இவர்தான் வாசித்தார், அவள் தட்டினாள். அம்மாவுக்கு போன் செய்து, "ஆமாம்மா, ஆர்ட்ஸ் காலேஜ்தான், கவர்மெண்ட்தான்" என்றேன். "பஸ் உண்டா?" என்று கேட்டாள். அதற்குத்தான் இனி வழி பார்க்கவேண்டும், அக்டோபர் விடுமுறைக்கு யார் போய் அழைத்து வருவது என்று இப்போதே இவர் காலண்டரைப் புரட்டுகிறார்.